ஆறாம் அறையின் நாற்பது பெட்டிகள்

அந்தக் குளிர்கிடங்கில் மொத்தம் பதினோரு அறைகள். பதினொன்றின் சாவியும் அவள் இடுப்பில்தான் தொங்கும். அதனால் அவளுக்குச் சாவியக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்ப்பாள். பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒருத்தியின் சம்பளத்தைத் தான் வாங்குவதுபோல இருக்கும்.

பத்தொன்பது வயதில் பழம் பிரிக்கும் மேஜையில் வேலைக்குச் சேர்ந்தவள். ஆப்பிள் உருண்டு வரும். நல்லது இடது பக்கம், அடிபட்டது வலது பக்கம். முதல் மூன்று வருடம் கனவிலும் உருண்டுகொண்டே இருந்தது. பிறகு கிடங்குக்குள் போட்டார்கள். இப்போது வயது நாற்பத்தொன்று. ஒரு பழத்தை வாங்கிக் காம்புக்குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாளென்றால், இது எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். மேனேஜர் வேறு யார் பேச்சையும் நம்பமாட்டார், சமயத்தில் தன் பேச்சையே நம்பமாட்டார், சாவியக்காவின் கட்டைவிரலை நம்புவார்.

அறைகளில் ஐந்து சாதாரணக் குளிர் அறைகள். மற்ற ஆறும் வேறு மாதிரி. பழத்தை நிரப்பிக் கதவை மூடி, இடுக்கெல்லாம் அடைத்த பிறகு, மெஷின் உள்ளே இருக்கும் பிராணவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும். நூறில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அந்தக் காற்றில் ஆப்பிள் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு மாதக்கணக்கில் பறித்த அன்று இருந்தபடியே கிடக்கும். கிடங்கில் இதற்குத் தூங்கவைப்பது என்று சொல்வார்கள். மனுஷன் உள்ளே போனால் அவனும் தூங்கிவிடுவான், எழுந்திருக்கமாட்டான். அதனால் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் டார்ச் அடித்துப் பார்த்து, வெப்பத்தையும் காற்றின் அளவையும் எழுதிவைப்பது சாவியக்காவின் வேலை.

அவளுக்கு ஒரே தங்கை. பதினொரு வயது இளையவள். அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது. தலை வாரிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டதும், பின்னால் மாப்பிள்ளை பார்த்ததும் எல்லாம் அக்காதான். மாப்பிள்ளைக்குக் கப்பலில் சமையல் வேலை. நல்ல மனுஷன், ஆனால் வருடத்தில் பத்து மாதம் கடலில். தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் புருஷனோடு இருந்த நாளை எண்ணிப் பார்த்தால் இரண்டு வருடம்கூடத் தேறாது. ஆறு வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தன் பங்கு நிலத்தில் ஆப்பிள் கன்று வைத்தார். கன்று மரமாகி, மரம் பூ காட்டியதும் வேலையை விட்டுவிட்டுக் கரையேறினார்.

“இனிமே தண்ணியக் குடிக்க மட்டும்தாங்க்கா பாப்பேன்” என்றார் அன்றைக்கு. தங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

முதல் முழு அறுவடை இந்த வருடம். நாற்பது பெட்டி. பெட்டி என்றால் நெஞ்சு உயரத்துக்கு மரப்பெட்டி, ஒவ்வொன்றிலும் முந்நூறு கிலோ. யார் பழம் என்று தெரிய ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் ஓர் அடையாளம் உண்டு. மாப்பிள்ளை தன் பெட்டிகளுக்கு மஞ்சள் பட்டை அடித்திருந்தார். இந்த நாற்பதும் ஆறாம் அறையில் தூங்கி, சந்தையில் ஆப்பிள் இல்லாத காலத்தில் விழித்து, நல்லபடியாகப் போனால் மாப்பிள்ளை கரையிலேயே இருப்பார். போகாவிட்டால் கப்பல். இதைக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே போகும் பழம் எல்லாம் முதலில் குளிக்க வேண்டும். லாரி அப்படியே ஒரு தகரக் கூரையடியில் வந்து நிற்கும். மேலே இருக்கும் துளைக் குழாய்களிலிருந்து குளோரின் கலந்த தண்ணீர் மழையாகக் கொட்டிப் பெட்டிகளுக்குள் இறங்கி, கீழே ஒரு குழியில் சேரும். மோட்டார் அதே தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். நாள் முழுக்க ஒரே தண்ணீர்தான் சுற்றும். ஒருவர் தோட்டத்து மண்ணும் பூசணமும் அடுத்தவர் பழத்தின் மேல் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு விதி வைத்திருந்தார்கள். சேறு ஒட்டிய பெட்டி குளித்துப் போனால் குழியைக் காலி செய்து, கழுவி, புதுத் தண்ணீர் விட வேண்டும். மூன்று மணி நேர வேலை. அந்த விதியை எழுதிக் கூரைத் தூணில் ஒட்டியவளே சாவியக்காதான்.

தங்கையின் லாரி மதியம் இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டும். வழியில் டயர் வெடித்துவிட்டது. நாலரைக்கு ஆற்றோரத் தோட்டம் ஒன்றிலிருந்து இன்னொரு லாரி வந்தது. அங்கே மழை, பெட்டிகளின் அடியெல்லாம் சேறு அப்பியிருந்தது. அவை சாதாரண அறைக்குப் போகிற பழம், சீக்கிரம் விற்றுவிடுவார்கள் என்பதால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அது குளித்துவிட்டுப் போனபோது குழித் தண்ணீர் பழுப்பாக இருந்தது. ஐந்தே முக்காலுக்குத் தங்கை வந்து இறங்கினாள். கை முழுக்க கிரீஸ்.

ஆறாம் அறையை ஏழு மணிக்கு மூட வேண்டும். பன்னிரண்டு தோட்டக்காரர்களின் தொள்ளாயிரம் பெட்டிகளுக்கு அறை ஒதுக்கி, எண்ணூற்று அறுபது உள்ளே போய்விட்டிருந்தது. மூடுவதற்கென்றே மெஷின்காரர் பக்கத்து ஊரிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்று விட்டால் தங்கையின் பழத்துக்குச் சாதாரண அறைதான்; எல்லோரும் விற்கிற நேரத்தில் அதையும் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் குழியை எட்டிப் பார்த்தான். வண்டிக்கு முன்னால் இரண்டு கொம்பு இருப்பதால் அவனுக்குக் கொம்பன் என்று பெயர்.

“அக்கா, இது குளிக்கிற தண்ணியா, டீயா?”

“வீட்டுக்குப் போற நேரம் வந்தா உனக்கு வாய் நீளும்.”

“எனக்கென்ன, சாவி உங்ககிட்ட. கொம்பு மட்டும்தான் என்கிட்ட.”

அவள் சோதனைக் காகிதத்தைத் தண்ணீரில் முக்கினாள். மருந்து சரியாக இருந்தால் ஊதா நிறம் வரும். வெளுத்துக் கிடந்தது. இரண்டு கை குளோரின் பொடியை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி முக்கினாள். ஊதா வந்தது. அந்த ஊதா அந்த நிமிஷத்துக்கு மட்டும்தான் என்பதும், பொடியைச் சேறு தின்று தீர்த்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். குளிக்காத பழம் உள்ளே போகக் கூடாது என்பது ஒரு விதி; அதை மீற அவளுக்கு மனம் வரவில்லை. தண்ணீரை மாற்ற வேண்டும் என்பது இன்னொரு விதி. அதை மீற மனம் வந்துவிட்டது. அன்றைக்கு நாற்பதையும் காய்ந்தபடியே உள்ளே விட்டிருந்தாலும் குடி முழுகியிருக்காது என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

மோட்டாரைப் போட்டாள். நாற்பதும் நனைந்தன. கொம்பன் ஏற்றிய கடைசி வரிசையின் மூன்று பெட்டிகளை, மஞ்சள் பட்டைகள் கதவுக் கண்ணாடிக்கு நேரே தெரியும்படி வைக்கச் சொன்னாள்.

“எதுக்குக்கா?” என்றாள் தங்கை.

“தினம் மூணு வேளை உன் பழத்தப் பாத்துக்கிட்டிருப்பேன்ல.”

ஏழு மணிக்குக் கதவு மூடியது.

ஆறு வாரம் ஒரு குறையும் இல்லை. தங்கை ஞாயிறுதோறும் போன் செய்வாள்.

“தூங்குதா அக்கா?”

“தூங்குது. நீ போன் பண்ணி எழுப்பாம இருந்தா சரி.”

“அவரு கேக்குறாரு, கனவு கினவு காணுதான்னு.”

“கப்பல் கனவு மட்டும் வராதாம், சொல்லு.”

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை டார்ச் வெளிச்சம் நடுப்பெட்டியின் மேல்வரிசையில் ஒரு பழத்தின்மேல் விழுந்தபோது, காம்புக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெளிர் பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. தண்ணீர் கோத்த மாதிரி மினுமினுத்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். வட்டம் உள்ளேதான் இருந்தது.

அது என்னவென்று தெரிந்துகொள்ள அவளுக்கு இரண்டாம் பார்வை வேண்டியிருக்கவில்லை. நீலப் பூசணம். நகம் பட்ட இடம், காம்பு குத்திய இடம், சின்னக் கீறல் போதும், தண்ணீரோடு உள்ளே இறங்கிவிடும். இறங்கிய இடத்தில் சதை இளகிக் கூழாகும். விரலால் வழித்தால் கரண்டியில் எடுத்ததுபோல் வரும். பிறகு மேல்தோலில் வெள்ளைப் பஞ்சு பூத்து, பஞ்சு நீலமாகும். குளிரும் காற்றில்லாமையும் அதை மெதுவாக்கும், நிறுத்தாது. எல்லாம் தூங்குகிற அறையில் அது மட்டும் தூங்காது.

எட்டாவது வாரம் பொத்தான் அளவு உள்ளங்கை அளவாயிற்று. பக்கத்துப் பழத்திலும் ஒன்று வந்தது. ஒன்பதாவது வாரம் மூன்று பெட்டிகளிலும் வெள்ளை, ஓர் இடத்தில் நீலம். தங்கை போன் செய்தால் “தூங்குது” என்பாள். தூங்குகிறவைதான் அதிகம், அதனால் அது பொய்யில்லை என்று சொல்லிக்கொள்வாள். ஆனால் போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்காது.

“என்னக்கா, தொட்டில்ல பிள்ளையப் பாக்கிற மாதிரி அங்கயே நிக்கிறீங்க?” என்றான் கொம்பன். அவள் நகர்ந்ததும் அவனே எட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்தக் கதவைக் கடக்கும்போது அவன் வாய் திறப்பதில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் பேரிக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆப்பிளைக் கையால் தொடமாட்டார் மனுஷர்.

“எத்தனை பெட்டி?”

“கண்ணாடில தெரியறது மூணு. மூணுலயும் இருக்கு சார்.”

“யாரோடது?”

“மஞ்சப் பட்டை.”

பேரிக்காயைக் கீழே வைத்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

“சாவியம்மா, திறந்தா மறுபடி தூங்கவைக்க ஒரு வாரம் ஆகும். தொள்ளாயிரம் பெட்டியும் முழிச்சுக்கும். மீதிப் பதினொரு பேரும் என் கழுத்தப் பிடிப்பாங்க. அதுல நாலு பேரு எனக்கு மாமன் முறை வேற.”

“நான் சிலிண்டர் மாஸ்க் போட்டுட்டு உள்ள போறேன் சார்.”

“போயி? முந்நூறு கிலோவ இடுப்புல தூக்கிட்டு வருவீங்களா?”

அவர் குரலை இறக்கினார். “உங்க தப்பா இது? பூசணம்னா வரத்தான் செய்யும். இருபதாவது வாரம் திறக்கறோம். அது வரைக்கும் கண்ண மூடிக்குங்க.”

உங்க தப்பா என்று கேட்ட அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். கண்ணை மூடிக்கொள்ளவும் முடியவில்லை, மூன்று வேளை பார்த்து எழுதுவதுதானே வேலை. எழுதினாள். வெப்பம் சரி, காற்று சரி. பூசணத்துக்கென்று அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

பதின்மூன்றாவது வாரம் புதன்கிழமையே தங்கை போன் செய்தாள். ஞாயிறு வருவதற்குள் போன் என்றதும் அக்கா டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

“அக்கா, அவரோட பழைய கேப்டன் கூப்பிட்டிருக்காரு. பெரிய கப்பலாம். தலைமைச் சமையல்காரரா வரச் சொல்றாரு. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்.”

“மாப்பிள்ளை என்ன சொல்றாரு?”

“அவரு என் மூஞ்சியப் பாக்குறாரு. நான் வேண்டாம்னு சொல்லச் சொல்லிட்டேன். நாற்பது பெட்டி அங்க தூங்குதுல்ல, அப்புறம் என்ன? இல்லக்கா?”

அக்கா ஆறாம் அறைப் பக்கம் பார்த்தாள்.

“அக்கா? லைன்ல இருக்கியா?”

“நாளைக்கு மத்தியானம் கிடங்குக்கு வா. தனியா வா.”

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் தங்கை வந்தாள். எதற்கு வரச்சொன்னாள் என்று கேட்கவில்லை, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்தாள். ஆறாம் அறைக் கதவின் முன்னால் டார்ச்சைக் கையில் கொடுத்ததும், கண்ணாடியில் நெற்றி முட்ட எட்டிப் பார்த்தாள். நடுப்பெட்டியில் மேல்வரிசை அமிழ்ந்துபோயிருந்தது. அதன்மேல் நீலச் சாம்பல் கொட்டியதுபோல ஒரு போர்வை. பலகை இடுக்கில் பழுப்புச் சாறு வழிந்து மஞ்சள் பட்டைமேல் கோடு போட்டிருந்தது.

“இது நம்மளுதா?” என்றாள், பட்டையைப் பார்த்துக்கொண்டே.

“ஆமா.”

“மூணுதானே? பின்னாடி முப்பத்தேழு இருக்குல்ல. அது நல்லா இருக்கும்ல?”

“தெரியாது.”

“பழத்தத் தொட்டாலே சொல்வியே அக்கா.”

“தொட முடியாதே. எனக்குத் தெரிஞ்சது இந்தக் கண்ணாடில தெரியறது மட்டும்தான். ஆனா நாற்பதும் ஒரே தண்ணில குளிச்சது.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. “அது அழுக்குத் தண்ணி. முன்னாடி போனது சேத்து லாரி. மாத்தியிருக்கணும். மூணு மணி நேரம் ஆகும், அறைய மூடிருவாங்கன்னு நான்தான் அப்படியே விட்டேன்.”

தங்கை டார்ச்சை அணைத்தாள். மறுபடி போட்டாள். பிறகு அணைத்தாள்.

“எத்தனை வாரமா உனக்குத் தெரியும்?”

“ஆறு வாரமா.”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தூங்குது தூங்குதுன்னியே.”

“சொல்லி என்ன பண்ண? திறக்கமாட்டாங்க. நீயும் தூங்காம கிடப்பேன்னு…”

“அந்த லாரி டயர வாங்கும்போதே புதுசா வாங்குங்கன்னு அவர்கிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன்” என்றாள் தங்கை. அது மன்னிப்பா, வேறு ஏதாவதா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியமில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கை டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசல்வரை போய், நின்று, “சாப்டியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மாப்பிள்ளை கேப்டனுக்குச் சரி என்று சொன்னார். பதினைந்தாவது வாரம் புறப்பட்டார். சொல்லிக்கொள்ள வந்தபோது சாவியக்கா வாசலில் நின்றாள்.

“மாப்பிள்ளை, என்னாலதான்…”

“விடுங்கக்கா. கப்பல்லயும் அழுகும். ஒரு தடவை எட்டு மூட்டை உருளைக்கிழங்க ராத்திரியோட ராத்திரியா கடல்ல தள்ளுனோம். திறந்து பாத்தாத்தான் தெரியும்.” சிரிக்கப் பார்த்தார். பை தோளிலிருந்து நழுவிக்கொண்டேயிருந்தது, ஏற்றிவிட்டுக்கொண்டேயிருந்தார்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் அவள் மூன்று வேளையும் கண்ணாடியில் பார்த்தாள். தங்கை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதை நிறுத்தவில்லை. வெயில், கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டு நாய் என்று பேசுவாள். ஆப்பிளைப் பற்றி மட்டும் கேட்கமாட்டாள்.

இருபதாவது வாரம் கதவைத் திறந்து, ஒரு நாள் முழுக்க விசிறி ஓடவிட்டு, காற்று சரியான பிறகு கொம்பன் வண்டியை உள்ளே விட்டான். முதலில் மூன்று பெட்டி. பாதாள அறையைத் திறந்த மாதிரி ஒரு மண்வாடை முன்னால் வந்தது. பெட்டியை இறக்கினபோது அடியிலிருந்து சாறு கொட்டி அவன் செருப்பை நனைத்தது. அப்படியே குப்பைக் குழிக்குக் கொண்டுபோனான்.

பிறகு மற்றவை வந்தன. நாலாவது பெட்டியில் பாதி அழுகல். ஐந்தாவதில் மேலே மூன்று பழம் மட்டும். ஆறாவதில் நடுவே ஒரு கூடை அளவு கூழ். ஏழாவது சுத்தமாக இருந்தது. சாவியக்கா ஒரு பழத்தை எடுத்துக் காம்புக்குழியில் கட்டைவிரலை வைத்தாள். கல் மாதிரி இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில், மாப்பிள்ளை வீணாகப் போய்விட்டாரோ என்று பயம் வந்தது.

பிரிக்கும் மேஜைக்குத் தங்கையும் வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு அக்காவுக்கு எதிரில் நின்றாள். இரண்டு பேரும் இரண்டு நாள் பிரித்தார்கள். அழுகினது வலது, நல்லது இடது. நல்லதை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து வேறு பெட்டிக்கு மாற்றினார்கள். கூழ் பட்ட கையால் நல்ல பழத்தைத் தொட்டுவிடக் கூடாது என்று தங்கைக்கு ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தங்கை கையுறையை மாற்றிக்கொண்டாள்.

நல்ல பெட்டிகளைக் கொம்பன்தான் எண்ணினான். “பத்தொன்பதரை.”

தங்கை அந்தப் பத்தொன்பதரை பெட்டியையும் சுற்றி நடந்து வந்தாள். “அக்கா, பத்து இருந்தா அவரு போனது சரின்னு சொல்லிருவேன். முப்பது இருந்தா போயிருக்க வேண்டாம்னு உன்னத் திட்டிருப்பேன். இது என்ன கணக்கு? இதுக்கு அவரு இருந்திருக்கலாமா, கூடாதா?”

பழத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள்.

தங்கையின் இடுப்பில் போன் அடித்தது. கையுறையைப் பல்லால் உருவிவிட்டு எடுத்தாள். கரையிலிருந்து எத்தனையோ தூரத்தில் இருந்தாலும் மாப்பிள்ளைக்கு இது திறக்கிற வாரம் என்று ஞாபகம் இருந்தது. குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

“ம்… திறந்தாச்சுங்க. ஆமா. அவ்வளவுதான், நாலஞ்சு பெட்டிதான் தேறுச்சு. மீதியெல்லாம் தண்ணி. நீங்க போனது நல்லதாப் போச்சு… ஆமா, அக்கா இங்கதான் இருக்கா. சாப்பிட்டீங்களா?”

அக்கா தலையைத் தூக்கினாள். தங்கை கண்ணால் அவளைத் தடுத்தாள். இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு போனை வைத்தாள்.

“ஏன்டி அப்படிச் சொன்னே? வந்தா தெரிஞ்சிடாதா?”

“வர்றதுக்குப் பத்து மாசம் இருக்கு. அது வரைக்கும் இருந்திருக்கலாமோ இருந்திருக்கலாமோன்னு அங்க உக்காந்து யோசிக்க வேண்டாம்” என்றாள் தங்கை. “இங்க யோசிக்க நாம ரெண்டு பேர் இருக்கோம்ல, போதும்.”

உருவின கையுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, வலது பக்கத்துக் குவியலை வாளியில் அள்ள ஆரம்பித்தாள். அக்கா வாளியின் மறு கைப்பிடியைப் பிடித்தாள்.